தொட்டுக்க ஒயினா?

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஓர் அழைப்பிதழ் வந்து விழுந்தது. கடற்கரைப் பக்கம் இருக்கும் ஓர் ஓட்டலில் புத்தாண்டை ஒட்டி ‘ஒயின் பேரிங் டின்னர்’. ஐந்து பதார்த்தம், ஒவ்வொன்றுக்கும் பொருத்தம் பார்த்து ஒரு ஒயின். கல்யாணத்துக்குத்தான் பொருத்தம் பார்ப்பார்கள் என்று நினைத்திருந்தேன், இப்போது கோலா உருண்டைக்கும் பார்க்கிறார்கள். கீழே நாலைந்து பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள். நான் பதில் போடவில்லை. வாட்ஸப்பில் நாலு வரிக்கு மேல் எழுதினால் யாரும் படிப்பதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

இதே மாதிரி விருந்து ஒன்றுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் என் வீட்டுக்காரம்மாவும் போயிருந்தோம். என் மைத்துனரின் மாப்பிள்ளை பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறார். நல்ல பிள்ளை. மாமனார் ரிடையர் ஆனதைக் கொண்டாட எல்லோரையும் அழைத்துப் போனார். நாங்கள் இரண்டு பேரும் குடிப்பவர்கள் இல்லை என்பதால் எங்களுக்குத் திராட்சைச் சாறு வந்தது. மற்றவர்களுக்குச் சுறாப்புட்டோடு ஒரு வெள்ளை ஒயின், வஞ்சிரம் வறுவலுக்கு இன்னொரு வெள்ளை, கோலா உருண்டைக்கு நாசிக்கிலிருந்து வந்த சிவப்பு, இப்படியே பாயசம் வரைக்கும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் கறுப்பு கோட்டு போட்ட ஒரு பையன் வந்து இதில் என்ன வாசம் தெரியும், எதைக் கடித்த பிறகு எதைக் குடிக்க வேண்டும் என்று பாடம் எடுத்தான்.

சுறாப்புட்டில் காரம் கொஞ்சம் தூக்கல். என் வீட்டுக்காரம்மா, “தம்பி, கொஞ்சம் மோர் கிடைக்குமாப்பா?” என்று கேட்டாள். அந்தப் பையன் சிரித்துக்கொண்டே, “மோர் குடிச்சா நாக்கு மழுங்கிடும் மேடம், அடுத்த டேஸ்ட் தெரியாது” என்றான். பக்கத்து மேசையில் ஒருவர் சத்தமாகச் சிரித்தார். எங்கள் மேசையிலும் சிரித்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. ஐம்பது வருஷமாக ஊருக்கே சமைத்துப் போட்டவள், எதற்கு எது பொருந்தும் என்று தெரியாதவளாக அங்கே உட்கார்ந்திருந்தாள்.

நான் 34 வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன். அந்தப் பையன் சொன்னதில் எது சரி, எது தப்பு என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்தவர் செலவில் சாப்பிடும்போது எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன். அந்தத் தப்புக்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நியாயமாகப் பேசிவிடுகிறேன். ஒயினுக்கும் சாப்பாட்டுக்கும் பொருத்தம் என்பது முழுப் பொய் இல்லை. சிவப்பு ஒயினைத் திராட்சைத் தோல், விதையோடு சேர்த்துப் புளிக்க வைக்கிறார்கள். அதனால் டேனின் என்ற துவர்ப்புப் பொருள் அதில் இறங்குகிறது. வாழைப்பூவிலும் கடுக்காயிலும் கடுந்தேநீரிலும் நாம் உணர்வது அதே வகைத் துவர்ப்புதான். அது எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வாய் வறண்ட மாதிரி ஆகிறது. கொழுப்பும் புரதமும் உள்ள ஆட்டுக்கறியோடு சேரும்போது அந்த வறட்சி குறைகிறது, கறியின் கொழுப்பும் நாக்கை விட்டு இறங்குகிறது. வெள்ளை ஒயினில் புளிப்பு தூக்கலாக இருக்கும். வறுத்த மீனுக்கு நாம் எலுமிச்சை பிழிகிறோமே, அந்த வேலையை அது செய்கிறது. பிரான்சில் ரோக்ஃபோர் என்று உப்புக் கரிக்கும் நீலப் பாலாடைக்கட்டிக்குச் சோத்தேர்ன் என்ற இனிப்பு ஒயின் வைப்பார்கள். மாங்காய்க்கு உப்பு வைத்த கை இதைப் புரிந்துகொள்ளும்.

இவ்வளவும் நிஜம். இதற்கு மேல் கட்டிய மாளிகைதான் எனக்குப் பிடிக்கவில்லை.

‘மீனுக்கு வெள்ளை, கறிக்குச் சிவப்பு’ என்ற சூத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். 2009இல் ஜப்பானில் சில ஆராய்ச்சியாளர்கள் 38 சிவப்பு ஒயின், 26 வெள்ளை ஒயின்களை வரிசையாக வைத்துக் காய்ந்த சிப்பிச் சதையோடு சுவைத்துப் பார்த்தார்கள். சில ஒயின்களோடு மீன் கவிச்சி தூக்கலாக வந்தது, சிலவற்றோடு வரவில்லை. காரணம் நிறம் இல்லை. ஒயினில் கரைந்திருந்த இரும்புதான் காரணம். இரும்பு அதிகமாக இருந்தால் கவிச்சி, குறைவாக இருந்தால் இல்லை. பொதுவாகச் சிவப்பில் இரும்பு கூடுதலாக இருப்பதால் சூத்திரம் பாதி நேரம் பலிக்கிறது. போர்த்துகலில் உப்புக்கண்டம் போட்ட காட் மீனுக்குச் சிவப்பு ஒயினையே ஊற்றிக்கொண்டு தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுகிறார்கள். அவர்களிடம் யாரும் போய்ச் சிரிப்பதில்லை.

நிபுணர்களின் நாக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் படிப்பு படித்த 54 மாணவர்களிடம், வெள்ளை ஒயினிலேயே வாசமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். 2001இல் வெளிவந்த ஆய்வு இது. சாயம் போடாதபோது வெள்ளை ஒயினுக்குரிய வார்த்தைகளைச் சொன்னவர்கள், சாயம் போட்டதும் சிவப்பு ஒயினுக்குரிய வார்த்தைகளுக்குத் தாவிவிட்டார்கள். கலிஃபோர்னியாவில் ஒயின் போட்டி நடுவர்களுக்கு ஒரே பாட்டில் ஒயினை மூன்று தடவை வெவ்வேறு கிளாஸில் வைத்துப் பார்த்தார் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்பவர். 2008இல் அவர் வெளியிட்ட கணக்குப்படி, ஒரே ஒயினுக்கு ஏறக்குறைய ஒரே மதிப்பெண் போட்டவர்கள் பத்தில் ஒருவர்தான். எங்கள் பள்ளியில் ஒரே விடைத்தாளுக்கு மூன்று தடவை மூன்று மார்க் போட்டால் அந்த வாத்தியாருக்கு மெமோ வரும்.

நான் அந்த நிபுணர்களை மட்டம் தட்டவில்லை. நாக்கு என்பது அப்படித்தான். கண் சொன்னதை நம்பும், பக்கத்தில் இருப்பவர் சொன்னதை நம்பும், விலைச்சீட்டு சொன்னதையும் நம்பும். அப்படிப்பட்ட ஒன்றை வைத்துக்கொண்டு, மோர் கேட்டவளைப் பார்த்துச் சிரிக்கும் அளவுக்கு நிச்சயம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் கேள்வி.

இந்தப் பொருத்தக் கலை எங்கே பிறந்தது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். பழைய பிரெஞ்சு விருந்துகளில் பல பதார்த்தங்களையும் ஒரே நேரத்தில் மேசையில் பரப்பிவிடுவார்கள். ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டில் கொண்டுவந்து வைக்கும் பழக்கம் 19ஆம் நூற்றாண்டில்தான் அங்கே வேரூன்றியது. அதற்கு ‘ரஷ்யப் பரிமாறல்’ என்றே பெயர். ஒரு நேரத்தில் ஒரு பதார்த்தம் என்று ஆன பிறகுதான், அந்த ஒரு பதார்த்தத்துக்கு இந்த ஒரு ஒயின் என்று சொல்ல வழி பிறக்கிறது. அதுவும் அந்தந்த மண்ணின் சரக்காக இருக்கும். லுவார் ஆறு கடலில் சேரும் பக்கத்தில் விளையும் முஸ்கதே ஒயின், அந்தக் கடற்கரையில் கிடைக்கும் சிப்பிக்கு. அந்த ஊர்க் குடியானவன் புத்தகம் படித்துப் பொருத்தம் பார்க்கவில்லை. அவன் வீட்டில் இருந்தது அதுதான்.

இப்போது நம் இலையைப் பாருங்கள். சோறு, சாம்பார், பொரியல், கூட்டு, அப்பளம், ஊறுகாய், ஓரத்தில் ஒரு துண்டு மீன் வறுவல். ஒரு கவளம் புளிப்பு, அடுத்த கவளம் காரம், அதற்கடுத்தது தேங்காய் இனிப்பு. எந்தக் கவளத்துக்கு எந்த ஒயினை ஊற்றுவது? நம் சாப்பாட்டில் ஒவ்வொருவனும் தன் இலையில் தன் விரலாலேயே பொருத்தம் பார்த்துக்கொள்கிறான். பக்கத்து இலைக்காரன் பொருத்தம் வேறு. இதை ஐந்து தட்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளாஸ் வைத்தால் அது நம் சாப்பாடும் இல்லை, அவர்கள் சாப்பாடும் இல்லை.

பொருத்தம் என்பது நமக்குத் தெரியாத வித்தையா என்ன? ‘தொட்டுக்க என்ன?’ என்று ஒரு நாளைக்கு மூன்று வேளை கேட்கிற ஜனம் நாம். பொங்கலுக்குக் கொத்சு, அடைக்கு அவியல் இல்லாவிட்டால் வெல்லம், இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால், வத்தக்குழம்புக்குச் சுட்ட அப்பளம், மிளகுக் குழம்புக்குப் பருப்புத் துவையல். இவற்றில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் அந்தக் கோட்டுப் பையன் சொன்ன அதே விதிகள் இருக்கின்றன: எண்ணெய்க்குப் புளிப்பு, உப்புக்கு இனிப்பு, உறைப்புக்குக் கொழுப்பு. பெயர் வைத்துப் பாடம் நடத்தாததால் அது வித்தை இல்லை என்று ஆகிவிடுமா? துவர்ப்பை ஆறு சுவைகளில் ஒன்றாக எண்ணி வைத்தவர்கள் நாம். விருந்து முடிந்து கொழுப்பு நாக்கில் நிற்கும்போது வெற்றிலை பாக்கு போடுகிறோமே, ஆட்டுக்கறிக்குச் சிவப்பு ஒயின் செய்யும் அதே துவர்ப்பு வேலைதான் அது. (பாக்கு வாய்ப்புற்றைத் தரும் என்று தெரிந்த பிறகு நான் விட்டுவிட்டேன். அதையும் யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை.)

ஒரு வேடிக்கை சொல்கிறேன். திராட்சையின் முக்கியமான புளிப்பு டார்டாரிக் அமிலம். பெரும்பாலான பழங்களில் சிட்ரிக் அல்லது மாலிக் அமிலம்தான் ஓங்கி இருக்கும். டார்டாரிக் அமிலம் கொட்டிக் கிடக்கிற இன்னொரு பழம் எது தெரியுமா? நம் புளி. ஒயினுக்கு முதுகெலும்பு எந்த அமிலமோ, அதேதான் நம் ரசத்துக்கும். ஒயின் புத்தகங்களிலேயே ஒரு விதி உண்டு, சாப்பாட்டின் புளிப்பு ஒயினின் புளிப்பைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ஒயின் சப்பென்று ஆகிவிடும் என்று. அப்படியானால் நம் மீன் குழம்புக்கு முன்னால் நிற்கக்கூடிய ஒயின் எத்தனை? நிற்க வேண்டிய அவசியமும் இல்லை, அந்தப் புளிப்பு வேலையைக் குழம்பே செய்து முடித்துவிட்டது.

மிளகாய்க்கு வருவோம். வாயில் சூட்டை உணர்வதற்கு நரம்பு முனையில் ஒரு வாங்கி இருக்கிறது. மிளகாயின் உறைப்பையும் அதே வாங்கிதான் உணர்கிறது. சாதாரணமாக 42 டிகிரி அளவுக்குச் சூடு ஏறினால்தான் அது ‘சுடுகிறது’ என்று மூளைக்குச் செய்தி அனுப்பும். எத்தில் ஆல்கஹால் பட்டால் 34 டிகிரியிலேயே கத்த ஆரம்பித்துவிடுகிறது என்று 2002இல் கண்டுபிடித்தார்கள். நம் உடம்புச் சூடே 37. ஆக, காரம் தின்ற வாயில் ஒயினை ஊற்றினால் எரிச்சல் ஏறும், துவர்ப்புள்ள சிவப்பு என்றால் கேட்கவே வேண்டாம். பாலிலும் தயிரிலும் உள்ள கேசீன் என்ற புரதமும் கொழுப்பும் அந்த உறைப்புப் பொருளைப் பிடித்துக்கொண்டு நாக்கை விட்டு இறங்கும். என் வீட்டுக்காரம்மா கேட்ட மோர்தான் அந்த மேசையில் சரியான பொருத்தம். கோட்டுப் பையன் சொன்னதுதான் தப்பு. இதை அன்றைக்கே எழுந்து சொல்லியிருக்க வேண்டும்.

‘உங்களுக்கு ஒயின் என்றாலே ஆகாது, அதனால் பேசுகிறீர்கள்’ என்று சொல்பவர்கள் உண்டு. இல்லை ஐயா. நான் பிறந்து வளர்ந்தது இந்தப் புதுச்சேரியில். அரிக்கமேட்டில் 1945இல் வீலர் தோண்டியபோது மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து ஒயின் வந்த இரட்டைக் கைப்பிடி ஜாடிகளின் ஓடுகள் வந்தன. மீனை உப்பில் ஊறவைத்து எடுத்த சாறு வந்த ஜாடிகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. யவனர் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் பருகியதைப் புறநானூற்றில் நக்கீரர் பாடியிருக்கிறார். இரண்டாயிரம் வருஷமாக ஒயின் நம் கரைக்கு வந்து போய்க்கொண்டிருக்கிறது. அந்நியச் சரக்கு என்று நான் துரத்தவில்லை.

எங்கள் முத்தியால்பேட்டைத் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை நாங்கள் சொல்தா என்போம். அவர் சைகோன் வரைக்கும் போய் வந்தவர். ஜூலை 14 அன்று மெடல்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்துக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அரை டம்ளர் சிவப்பு ஒயின், அதில் பாதிக்குப் பாதி தண்ணீர். தொட்டுக்க என்ன? கருவாட்டுக் குழம்பு, சோறு. எந்தப் புத்தகத்திலும் இல்லாத பொருத்தம். நான் காலேஜில் படிக்கும்போது ஒருநாள், “மீன் வகைக்கு வெள்ளைதானே தாத்தா?” என்று எங்கோ படித்ததை எடுத்துவிட்டேன். “பட்டாளத்துல எது ஊத்துனானோ அதக் குடிச்சோம்டா. இங்க உங்க பாட்டி எது வைக்கிறாளோ அதத் திங்கறேன். ரெண்டுக்கும் சண்டை வந்தா குழம்புதான் ஜெயிக்கணும்” என்றார். அவர் யாருக்கும் பாடம் எடுத்ததில்லை, யாரையும் குடிக்கச் சொன்னதும் இல்லை.

பிரெஞ்சுக்காரர்கள் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டதும் உண்டு. நம் தாளிப்பு வடகத்தை ‘வதுவான்’ என்று பெயர் மாற்றிப் பெரிய பெரிய சமையல்காரர்கள் ஆட்டுக்கறியிலும் சூப்பிலும் போடுகிறார்கள். அதற்காகப் பாரிஸில் யாரும் வடகத்தோடு பழைய சோறுதான் சாப்பிட வேண்டும் என்று விதி போடவில்லை. பிடித்ததை எடுத்துக்கொண்டார்கள், தங்கள் சாப்பாட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். நாம்தான் சரக்கோடு சேர்த்து விதியையும், விதியோடு சேர்த்துக் கூச்சத்தையும் வாங்கிக்கொள்கிறோம்.

இவ்வளவும் நாக்கு சம்பந்தப்பட்ட சண்டை. இதோடு நின்றிருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

அன்றைய விருந்தில் மாப்பிள்ளை என் மைத்துனரிடம், “மாமா, ராத்திரி சாப்பாட்டோட ஒரு கிளாஸ் ரெட் ஒயின் இதயத்துக்கு ரொம்ப நல்லது. பிரெஞ்சுக்காரங்க அதனாலதான் ஆரோக்கியமா இருக்காங்க” என்றார். இது அவர் கற்பனை இல்லை. 1991 நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சியில் சொல்லப்பட்டு உலகம் முழுக்கப் பரவிய கதை. பிரெஞ்சுக்காரர் வெண்ணெயும் பாலாடைக்கட்டியுமாகத் தின்றும் மாரடைப்பு குறைவு, காரணம் சிவப்பு ஒயின் என்றார்கள். மறுநாளே கடைகளில் சிவப்பு ஒயினுக்கு அடிதடி. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் அந்தக் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிட்டன. அளவாகக் குடிப்பவர்களை எந்தக் கூட்டத்தோடு ஒப்பிட்டார்கள் என்று பார்த்தால், ‘குடிக்காதவர்’ கணக்கில் உடம்பு கெட்டுப்போய்க் குடியை விட்டவர்களும் இருந்தார்கள். திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால் என்ற பொருளைக் காரணமாகச் சொன்னார்கள், அது ஒரு கிளாஸில் இருப்பதோ தூசி அளவு. 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது, மது விஷயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று. புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் மது 1988லேயே சேர்ந்துவிட்டது.

பிரெஞ்சுக்காரர்களே கையைக் குறைத்துக்கொண்டுவிட்டார்கள். 1956 வரை அங்கே பள்ளிக்கூடச் சாப்பாட்டில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட ஒயின் இருந்தது. அந்த வருஷம்தான் 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நிறுத்தினார்கள். 1960 வாக்கில் ஆளுக்கு ஆண்டுக்கு 100 லிட்டருக்கு மேல் குடித்த நாடு, இன்று அதில் பாதிகூடக் குடிப்பதில்லை. 1991இல் மது விளம்பரத்துக்குக் கடிவாளம் போட்டுச் சட்டம் கொண்டுவந்தார்கள். அவர்கள் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கும் கிளாஸை நாம் நம் மேசையில் வைக்கிறோம்.

என் மைத்துனர் அறுபது வயது வரை ஒரு துளி தொட்டவர் இல்லை. அவர் தெருவில் ‘ஒயின்ஷாப்’ என்று போர்டு போட்ட கடையைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்தக் கடையில் ஒயின் மட்டும்தான் இருக்காது, அது வேறு விஷயம். அங்கே நின்று குடித்தால் குடிகாரன். வீட்டில் கண்ணாடிக் கிளாஸில் ஊற்றி, பக்கத்தில் ஒரு துண்டு பாலாடைக்கட்டி வைத்தால் நாகரிகம். இந்த மாற்றத்தைச் செய்தது அந்தப் ‘பொருத்தம்’ என்ற வார்த்தைதான். குடி என்று சொன்னால் என் மைத்துனர் மனைவி வாசலிலேயே நிறுத்தியிருப்பாள். சாப்பாட்டோடு சேர்ந்தது, டாக்டர்களே சொல்கிறார்கள் என்றதும் அவளே கிளாஸைக் கழுவி வைத்தாள்.

கணக்கு வாத்தியார் இல்லையென்றாலும் ஒரு கணக்குப் போடுகிறேன். ஒரு கிளாஸ் ஒயின் 150 மில்லி. சாராயச் சத்து சுமார் 13 சதவீதம். இரண்டு கிளாஸ் என்றால் 300 மில்லியில் 39 மில்லி ஆல்கஹால். நம் பிராந்தியில் 42.8 சதவீதம் என்று லேபிளிலேயே இருக்கும். ஒரு கட்டிங் 90 மில்லியில் 38.5 மில்லி. ஆக நாகரிகமான இரண்டு கிளாஸ் ஒயினும், ஒயின்ஷாப் வாசலில் அடிக்கிற ஒரு கட்டிங்கும் கல்லீரலுக்கு ஒன்றுதான். கல்லீரலுக்கு லேபிள் படிக்கத் தெரியாது.

மைத்துனருக்குச் சர்க்கரை வியாதி. சர்க்கரையை இறக்கும் மாத்திரை போடுகிறார். ஒயினுக்குச் சோறு பொருந்தாது என்று எங்கோ படித்து, ராத்திரிச் சோற்றையும் சப்பாத்தியையும் விட்டுவிட்டு, நாலு பிஸ்கட், கொஞ்சம் பாலாடைக்கட்டி, ஒரு கிளாஸ் என்று ஆக்கிக்கொண்டார். ஒரு கிளாஸ் சில நாளில் ஒன்றரை ஆகும். சாப்பிடாத நேரத்தில் ரத்தத்தில் சர்க்கரை விழாமல் பார்த்துக்கொள்வது கல்லீரலின் வேலை. மது உள்ளே போனால் அது அந்த வேலையை விட்டுவிட்டு மதுவைக் கரைக்கப் போய்விடும். மாத்திரை ஒரு பக்கம் இறக்குகிறது, ஏற்றிவிட ஆள் இல்லை. போன ஐப்பசியில் ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்குக் கழிவறைக்குப் போனவர் வியர்த்துக் கொட்டிக் கீழே விழுந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சர்க்கரை 48. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் பண்ணி பிளேட் வைத்திருக்கிறார்கள். இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார்.

மாப்பிள்ளை அழுதுவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அவர் பிரியத்தில்தான் சொன்னார். நான்தான் அன்றைக்கு அந்த மேசையில் இருந்த வேதியியல் வாத்தியார். கல்லீரல் கதையை எத்தனை வகுப்புக்குச் சொல்லியிருப்பேன். அங்கே திராட்சைச் சாறு குடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். “நீங்க அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா” என்று மைத்துனர் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

‘ஒருவர் விழுந்ததற்காக ஊரையே திட்டுவதா?’ என்று கேட்கலாம். ஊரைத் திட்டவில்லை. குடிக்கிறவர் பிடித்துக் குடிக்கட்டும். ‘எனக்குப் பிடிக்கும், குடிக்கிறேன்’ என்று சொல்கிறவரோடு எனக்கு ஒரு சண்டையும் கிடையாது. அவருக்குத் தன் அளவும் தெரியும், தன் ஆபத்தும் தெரியும். சொல்தா தாத்தா அப்படித்தான் இருந்தார். குடியை மருந்து என்று சொல்லி ஊற்றுவதும், சாப்பாட்டின் அங்கம் என்று சொல்லி வீட்டுக்குள் கொண்டுவருவதும், அது தெரியாதவளைப் பட்டிக்காடு என்று சிரிப்பதும்தான் எனக்கு ஆகாது. இந்த மூன்றும் தனித்தனி இல்லை. கூச்சப்பட வைத்தால்தான் வாங்குவோம், மருந்து என்றால்தான் வீட்டில் விடுவோம், பொருத்தம் என்றால்தான் தினமும் ஊற்றுவோம்.

நம் வயசுக்காரர்களுக்கு முக்கியமாகச் சொல்கிறேன். நம்மில் பாதிப் பேர் சர்க்கரைக்கோ, ரத்த அழுத்தத்துக்கோ, ரத்தம் உறையாமல் இருக்கவோ மாத்திரை போடுகிறோம். பிள்ளைகள் அன்பாக ஒரு பாட்டிலை நீட்டினால், முதலில் மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய்க் கேளுங்கள். ‘ஒயினுக்கு இது பொருந்துமா’ என்று மீனையும் கறியையும் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு, மாத்திரையைப் பற்றிக் கேளுங்கள். நாம் பார்க்க வேண்டிய பொருத்தம் அதுதான்.

போன ஞாயிறு மைத்துனரை வீட்டுக்கு அழைத்துவந்திருந்தோம். வாக்கரைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். வஞ்சிரம் குழம்பு, மீன் வறுவல், மிளகு ரசம். குழம்பில் ஒரு கவளம் சாப்பிட்டவர், “அக்கா, காரம் கொஞ்சம் தூக்கலா இருக்கு” என்றார். அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து வைத்தாள். அதைக் குடித்துவிட்டு இன்னொரு கரண்டி குழம்பு கேட்டார்.

ஓட்டல் அழைப்பிதழுக்கு இன்னும் பதில் போடவில்லை. இந்தக் கட்டுரையை அங்கே ஒட்டிவிடலாம் என்று இருக்கிறேன். நீளமாக இருக்கிறது என்று யாரும் படிக்காவிட்டாலும், சொன்னேன் என்றாவது இருக்கட்டும்.